முன்சக்கரத்தில் ஒரு வடிவியல் பாடம்

நெடுங்காட்டில் நான் பணிபுரியும் பள்ளியில், சம்பா அறுவடை முடிந்த நேரத்தில், பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன் நடத்திக்கொண்டிருந்தேன். கதவு, கிணற்றுக் கப்பி, ஸ்பேனர் என்று வழக்கமான எடுத்துக்காட்டுகள். கடைசி வரிசையில் ஒரு மாணவன் கையைத் தூக்கினான். "சார், எங்கண்ணன் பைக்ல முன்சக்கரத்தப் பெருசா மாத்திருக்கு சார். நேராப் போறப்ப நல்லாருக்காம். திருப்புறப்ப கனக்குதாம். மெதுவாப் போனா ஹேண்டில் தானா ஒரு பக்கம் சாயுதாம். சக்கரம் பெருசானா ஏன் சார் ஹேண்டில் சாயணும்?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. சக்கரம் பெரிதானால் கோண உந்தம் கூடும், அதனால் திருப்பக் கடினம் என்று சொல்லி முடித்திருக்கலாம். சொல்லவும் வாய் வந்தது. ஆனால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் சாய்வதற்கு அது விளக்கம் ஆகாது. மெதுவாகப் போனால் கோண உந்தமே குறைவுதானே? "பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் அண்ணன் வாய்க்கால் பாலத் திருப்பத்தில் விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஹெல்மெட் போட்டிருந்ததால் அதோடு போனது. தம்பி வகுப்புக்கு வந்து, "சக்கரத்தாலதான சார்?" என்று கேட்டான். அதற்கும் என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. திருப்பத்தில் வைக்கோல் சிதறிக் கிடந்தது. வேகம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு விபத்தை வைத்து ஒரே ஒரு காரணத்தைச் சொல்வது அறிவியல் ஆகாது என்று அவனிடம் சொன்னேன். ஆனால் அந்தச் சக்கரம் வண்டியில் எதையெல்லாம் மாற்றியிருக்கிறது என்று அளந்து பார்க்க முடியும். அப்படி அளந்த கதைதான் இந்தக் கட்டுரை. இதில் ஏழாம் வகுப்பு வட்டச் சுற்றளவு முதல் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் வரை அடங்கிவிட்டது. அளவுகோல், நூல், தூக்குக்குண்டு, சாக்பீஸ், பாகைமானி தவிர வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை.

டயரில் எழுதியிருப்பதை வாசிப்பது

முதல் நாள் வேலை பள்ளி வாசலில் ஆசிரியர்களின் வண்டிகள் நிற்கும் இடத்தில். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணை எழுதிவரச் சொன்னேன். 2.75-18 என்று ஒருவன், 90/90-12 என்று ஒருத்தி. முதல் வகையில் 2.75 என்பது டயரின் அகலம், அங்குலத்தில். 18 என்பது ரிம்மின் விட்டம், அதுவும் அங்குலத்தில். இரண்டாம் வகையில் முதல் 90 அகலம், மில்லிமீட்டரில். அடுத்த 90 ஒரு சதவீதம், அதாவது டயரின் உயரம் அகலத்தில் 90 விழுக்காடு. கடைசி 12 மட்டும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே எண்ணுக்குள் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மாணவர்களுக்குச் சிரிப்பு. அலகு மாற்றத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தப் பாடநூலிலும் இல்லை என்பேன்.

இங்கே மாணவர்கள் எல்லோரும் ஒரு தவறு செய்தார்கள், பெரியவர்களும் செய்வதுதான். 18 அங்குலச் சக்கரம் என்றால் சக்கரத்தின் விட்டம் 18 அங்குலம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது ரிம் மட்டும். தரையைத் தொடுவது டயர். டயரின் உயரத்தை மேலும் கீழும் இருமுறை கூட்ட வேண்டும். 2.75-18 டயரில் உயரத்தை ஏறத்தாழ அகலத்துக்குச் சமமாகக் கொண்டால் 18 + 5.5 = 23.5 அங்குலம், அதாவது 597 மி.மீ. விட்டம், 298 மி.மீ. ஆரம்.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று காட்ட நம் ஊரிலேயே தயாராகும் ஒரு வண்டி இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016-இல் ஹிமாலயன் என்ற வண்டியை விற்பனைக்கு விட்டது. மலைப் பாதைக்கான வண்டி. முன்சக்கர டயர் 90/90-21. அதே எஞ்சினை வைத்து 2022-இல் ஸ்க்ராம் 411 என்ற வண்டியை நகரச் சாலைக்காகக் கொண்டுவந்தார்கள். அதன் முன் டயர் 100/90-19. 21-இலிருந்து 19, இரண்டு அங்குலம் குறைவு, ஆரத்தில் ஓர் அங்குலம் குறைவு, 25 மி.மீ. குறைந்திருக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போடுங்கள். முதலாவது: 533.4 + 2 × 81 = 695.4 மி.மீ. இரண்டாவது: 482.6 + 2 × 90 = 662.6 மி.மீ. ஆரத்தில் வேறுபாடு 16 மி.மீ.தான். டயர் அகலமானதால் உயரமும் கூடி, ரிம்மில் குறைத்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

நம் சக ஆசிரியைகள் பலர் ஓட்டும் ஆக்டிவா ஸ்கூட்டரிலும் இதே மாற்றம் எதிர்த்திசையில் நடந்தது. பல ஆண்டுகளாக முன்னே 10 அங்குலச் சக்கரத்தோடு வந்த வண்டி, 2020-இல் வந்த 6ஜி வடிவத்தில் 12 அங்குலத்துக்கு மாறியது. 90/100-10 டயர் போய் 90/90-12 வந்தது. 217 மி.மீ. ஆரம் 233 ஆயிற்று. இங்கும் 16 மி.மீ.! ஆனால் அந்த நிறுவனம் சக்கரத்தை மட்டும் மாற்றி நிறுத்தவில்லை. முன் சஸ்பென்ஷன் அமைப்பையே டெலஸ்கோப்பிக் வகைக்கு மாற்றி, இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரத்தையும் 1238 மி.மீ.-இலிருந்து 1260-ஆகக் கூட்டினார்கள். 16 மி.மீ. மாற்றத்துக்கு ஒரு தொழிற்சாலை இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறது. மாணவனின் அண்ணன் வண்டியில் 2.75-18 போய் 80/90-21 வந்திருந்தது. ஆரம் 298-இலிருந்து 338. வேறுபாடு 40 மி.மீ.

பெரிய சக்கரம் ஏன் பிடிக்கிறது

பெரிய சக்கரத்தில் நன்மை இல்லாமல் இல்லை. அதை முதலில் ஒப்புக்கொள்வது நல்லது. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. கட்டைவண்டிச் சக்கரம் ஏன் ஆள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது? சேற்றிலும் வாய்க்கால் வரப்பிலும் மாடு இழுக்க வேண்டும். சின்னச் சக்கரம் பள்ளத்தில் விழும். பெரிய சக்கரம் பள்ளத்தைத் தாண்டும். சக்கரத்தின் ஆரக்காலும் கணக்கில் வரும் ஆரமும் ஒரே சொல் என்பதை அன்றைக்குத்தான் என் மாணவர்கள் கவனித்தார்கள்.

இதைப் பிதாகரஸ் தேற்றத்தில் போட்டுக் காட்டலாம். சாலையில் 30 செ.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம். சக்கரம் அதன் இரு விளிம்பிலும் பட்டு நிற்கும்போது எவ்வளவு கீழே இறங்கியிருக்கும்? ஆரத்தின் வர்க்கத்திலிருந்து 150-இன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, அதை ஆரத்திலிருந்து கழிக்க வேண்டும். பழைய 10 அங்குல ஸ்கூட்டர் சக்கரம் 60 மி.மீ. இறங்குகிறது. 12 அங்குலம் 55 மி.மீ. பதினெட்டு அங்குல பைக் 40 மி.மீ. மாணவர்களின் 28 அங்குல சைக்கிள் 33 மி.மீ. "அதான் சார் சைக்கிள்ல போனா அந்தப் பள்ளம் தெரியல, டீச்சர் ஸ்கூட்டியில பின்னாடி உக்காந்தா இடுப்பு ஒடியுது" என்று ஒரு பெண் சொன்னதும் வகுப்பில் ஒரே கலகலப்பு. (அந்த டீச்சர் அடுத்த அறையில்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.)

ஹிமாலயனில் 21 அங்குலம் வைத்ததற்கு இதுதான் காரணம். கல்லும் பள்ளமும் உள்ள பாதையில் அது உருண்டு ஏறும். ஆனால் அந்த வண்டி 21 அங்குலத்துக்காகவே வடிவமைக்கப்பட்டது.

ஹேண்டில் ஏன் தானாக நேராகிறது

இனி மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். இதற்கு முதல் சோதனை சைக்கிளில். ஒரு சைக்கிளின் சீட்டை மட்டும் பிடித்து முன்னோக்கித் தள்ளச் சொல்லுங்கள். ஹேண்டிலைத் தொடக்கூடாது. வண்டி நேராகப் போகும். இப்போது சீட்டைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்கச் சொல்லுங்கள். ஹேண்டில் சட்டென்று சுழன்று ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். பத்து வருடம் சைக்கிள் ஓட்டிய பிள்ளைகள்கூட இதைப் பார்த்து வியந்தார்கள். தலைமையாசிரியர் அறையில் இருக்கும் உருளும் நாற்காலியின் கால் சக்கரத்தையும் காட்டலாம். நாற்காலியை எந்தப் பக்கம் தள்ளினாலும் சின்னச் சக்கரம் பின்னால் போய் நின்றுகொள்ளும். சக்கரம் தரையைத் தொடும் இடம், அது சுழலும் அச்சுக்குப் பின்னால் இருக்கவே விரும்பும்.

சைக்கிளின் முன்பக்கத்திலும் இதுதான். ஹேண்டில் சுழலும் கழுத்துக் குழாய் செங்குத்தாக இல்லை, பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தக் கோட்டை அப்படியே கீழே நீட்டினால் தரையை ஓரிடத்தில் தொடும். சக்கரம் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளியை மோட்டார் துறையில் ட்ரெயில் என்கிறார்கள். வகுப்பில் நாங்கள் பின்தங்கல் என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஹேண்டில் கொஞ்சம் திரும்பினால் தரையின் உராய்வு விசை அந்தப் பின்தங்கலை நெம்புகோலின் கையாகக் கொண்டு சக்கரத்தை மறுபடி நேராக இழுக்கும். ஆக, நான் நடத்திக்கொண்டிருந்த திருப்புத்திறன் பாடமே இதுதான்! மாணவன் சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறான்.

அளப்பது எளிது. இரண்டு பேர் சைக்கிளை நிமிர்த்திப் பிடிக்கட்டும். கழுத்துக் குழாயை ஒட்டி ஒரு நேரான கம்பை வைத்து, அதன் நுனி தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி. முன் அச்சிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இடையில் அளந்தால் எங்கள் சைக்கிளுக்கு 6 செ.மீ.-க்குச் சற்று மேல். கம்பு கொஞ்சம் கோணினாலும் விடை மாறும். எனவே ஐந்து முறை அளந்து சராசரி எடுக்கச் சொன்னேன்.

ஒரு முன்னெச்சரிக்கை. சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவால்தான் சைக்கிள் விழாமல் நிற்கிறது என்று நம்மில் பலர் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறோம், நானும் சொன்னவன்தான். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை முன்னால் பொருத்தி அந்த விளைவைப் பெருமளவு நீக்கி ஒரு சைக்கிள் செய்து ஓட்டிக் காட்டினார். அதை ஓட்ட முடிந்தது. பின்தங்கல்தான் முக்கியம் என்று அவர் முடிவுக்கு வந்தார். 2011-இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் பம்பர விளைவும் இல்லாத, பின்தங்கலும் இல்லாத ஒரு சின்ன வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். அதுவும் தானாக நிமிர்ந்து ஓடியது. முன்பகுதியின் எடை எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்து வேலை செய்கிறது. ஆகவே இது ஒரே காரணத்தில் அடங்கும் விஷயமல்ல. சாதாரண வண்டியில் ஓட்டுநரின் கைக்குத் தெரியும் கனத்துக்குப் பின்தங்கல் பெரும் பங்கு வகிக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நேர்மை.

கணக்கு

அண்ணன் கட்டுப் போட்ட கையோடு ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்தார். வண்டியை நண்பர் ஒருவர் ஓட்டி வந்தார். பழைய ஹப்பையே வைத்து, நீளமான ஸ்போக்குகளைப் போட்டு 21 அங்குல ரிம் கட்டியிருந்தார்கள். மட்கார்டைத் தூக்கி வைத்திருந்தார்கள். "சும்மா லுக்குக்காகத்தான் சார்" என்றார் அவர், கேட்காமலே.

பாகைமானியில் தூக்குநூலைக் கட்டிக் கழுத்தின் சாய்வை அளந்தோம். செங்குத்திலிருந்து 28 பாகை. போர்க்கின் வடிவத்தால் முன் அச்சு, கழுத்துக் கோட்டுக்கு 45 மி.மீ. முன்னால் இருந்தது. இரு அச்சுகளுக்கு இடையே 1230 மி.மீ.

பத்தாம் வகுப்பு மாணவருக்கு இதிலிருந்து பின்தங்கலைக் கண்டுபிடிக்க ஒரு படம் போதும். அச்சின் வழியாகக் கழுத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால் அது தரையைத் தொடும் இடம், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் 'ஆரம் × டேன் 28' தூரத்தில் இருக்கும். கழுத்துக் கோடு அதற்கு 45 மி.மீ. பின்னால் இணையாகப் போகிறது. தரையில் அளந்தால் அந்த இடைவெளி 45-ஐ காஸ் 28-ஆல் வகுத்தது. முன்னதில் பின்னதைக் கழிக்க: 179.7 − 51 = 129 மி.மீ. சாக்பீஸ் முறையில் 126 வந்தது. நூலுக்கும் கம்புக்கும் 3 மி.மீ. வேறுபாடு தாராளமாக அனுமதிக்கலாம்.

பழைய சக்கரம் இருந்தபோது எவ்வளவு? இங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று வந்தது. ஆரம் மட்டும் 298 ஆகும் என்று முதலில் போட்டோம். உடனே ஒரு மாணவி எழுந்து, "முன்னாடி 40 மில்லி கீழ இறங்குனா வண்டியே முன்னாடி சாயும்ல சார், அப்ப 28 பாகை எப்படி இருக்கும்?" என்றாள். உண்மைதான். முன் அச்சு 40 மி.மீ. உயர்ந்தால் வண்டி முழுவதும் பின்சக்கரத்தைச் சுற்றி மேலெழும். 40-ஐ 1230-ஆல் வகுத்து டேன் அட்டவணையைப் பார்த்தால் ஏறத்தாழ 1.9 பாகை. ஆக, பழைய சாய்வு 26.1 பாகை. மறுபடி கணக்கு: 146 − 50 = 96 மி.மீ.

96-இலிருந்து 129. மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. நேராகப் போகும்போது நன்றாக இருப்பதும், திருப்பும்போது கனப்பதும் இப்போது புரிகிறது. சக்கரத்தை நேராக இழுக்கும் நெம்புகோலின் கை நீண்டுவிட்டது. மெதுவாகப் போனால் ஹேண்டில் சாய்வதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. கழுத்துச் சாய்வும் பின்தங்கலும் கூடும்போது, ஹேண்டிலைத் திருப்பினால் வண்டியின் முன்பகுதி கொஞ்சம் கீழே இறங்குகிறது. இறங்குவதைத்தானே எடை விரும்பும்? வேகம் இருக்கும்போது தெரியாத இந்த இழுப்பு, நெரிசலில் ஊர்ந்து போகும்போது கையில் தெரியும். என் முதல் பதில் தவறு என்று வகுப்பிலேயே சொன்னேன். சொல்ல வந்து சொல்லாமல் விட்ட பதில்தான் என்றாலும்.

சின்னச் சக்கரம் போட்டால் எல்லாம் தலைகீழ். அதே வண்டியில் 17 அங்குல ரிம் போட்டால் பின்தங்கல் 86 மி.மீ. அளவுக்கு இறங்கும். வண்டி சட்டென்று திரும்பும். வேகத்தில் ஹேண்டில் பதறும். அதையும் மாணவர்களையே போடச் சொன்னேன்.

மும்மடி

எனக்கு அதிகக் கவலை தந்தது திருப்பம் அல்ல, பிரேக். இதை யாரும் கேட்கவில்லை. அளக்கும்போது வந்து சேர்ந்தது.

பிரேக் டிரம் பழையதுதான். லிவரை அதே அளவு அழுத்தினால் டிரம்மில் அதே திருப்புத்திறன் கிடைக்கும். ஆனால் அது தரையில் விசையாக மாறும்போது ஆரத்தால் வகுபடும். 298-க்கு 338 என்றால் தரையில் கிடைக்கும் விசை 88 விழுக்காடு. பழைய சக்கரத்தில் முன் பிரேக் மட்டும் பிடித்து 10 மீட்டரில் நின்ற வண்டி, இப்போது அதே வேகத்தில் அதே அழுத்தத்துக்கு 11.3 மீட்டரில் நிற்கும்.

அடுத்தது ஸ்பீடாமீட்டர். இந்த வண்டியில் அதன் கேபிள் முன் ஹப்பிலிருந்து வருகிறது. அது வேகத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுகிறது, அவ்வளவே. பழைய சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 534 முறை சுற்றும். புதியது 471 முறை. உண்மையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது முள் 53-இல் நிற்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் டயரில் சாக்பீஸ் குறி போட்டு, ஒரு சுற்று உருட்டி, டேப்பால் அளந்து இதைச் சரிபார்த்தார்கள். அண்ணனுக்கு முகம் மாறியது அப்போதுதான். "மைலேஜ் குறைஞ்சிருச்சுன்னு நெனச்சேன் சார்" என்றார். 100 கி.மீ. ஓடினால் மீட்டரில் 88 மட்டுமே ஏறியிருக்கிறது!

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஓட்டுபவர் முள்ளைப் பார்த்து வழக்கமான வேகத்தில்தான் போகிறோம் என்று நினைக்கிறார். உண்மை வேகம் ஆரத்துக்கு நேர்விகிதத்தில் கூடியிருக்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும்; ஆக ஆரத்தின் வர்க்கம். பிரேக் விசை ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைந்திருக்கிறது. ஆற்றலை விசையால் வகுத்தால் நிற்கும் தூரம். அதாவது, முள் காட்டும் ஒரே வேகத்துக்கு, நிற்கும் தூரம் ஆரத்தின் மும்மடியில் கூடுகிறது. 338-ஐ 298-ஆல் வகுத்தால் 1.134, அதன் மும்மடி 1.46. பத்து மீட்டர் பதினான்கரை மீட்டர் ஆகிவிட்டது. பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் இந்த வேறுபாடு குறையும். பின்சக்கரம் மாறவில்லை அல்லவா. டயர் வழுக்கும் அளவுக்கு அழுத்தினால் கணக்கே வேறு. இந்த வரையறைகளையும் கரும்பலகையில் எழுதிவைத்தேன். எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று எழுதாத சூத்திரம் அரைகுறைதான்.

பெரிய ரிம்மைச் சுழற்றவும் நிறுத்தவும் தேவைப்படும் கூடுதல் முயற்சி இதில் சேரவில்லை. நிறை மாறாவிட்டாலும் நிலைமத் திருப்புத்திறன் ஆரத்தின் வர்க்கத்தில், 29 விழுக்காடு கூடும். பதினோராம் வகுப்பு ஆசிரியர்கள் அதிலிருந்து தொடரலாம்.

பாலத் திருப்பத்தில் நடந்தது இதனால்தானா? இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வைக்கோல் வைக்கோல்தான்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டியிருந்தது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. அதைவிட, கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும் என்பதை நினைவூட்டுவதுதான் எங்கள் வகுப்புக்கு அவசரத் தேவை. அன்றைக்கு எத்தனை பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்று நான் எண்ணவில்லை.

இதை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். மோட்டார் வண்டி இல்லாமலே முக்கால்வாசிப் பாடத்தைச் சைக்கிளில் நடத்தலாம். நிற்கும் வண்டியை இரண்டு பேர் கண்டிப்பாகப் பிடித்திருக்க வேண்டும். எங்களிடம் ஒருமுறை சரிந்து ஒருவன் காலில் விழ இருந்தது. வண்டியை ஓட்டிப் பார்த்து எதையும் சோதிக்க வேண்டாம். எல்லா அளவும் நின்ற நிலையில் எடுக்கக்கூடியவையே. தொடக்கப்பள்ளியில் என்றால் சாக்பீஸ் குறியும் ஒரு சுற்றின் நீளமும் போதும். சைக்கிளுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர், ஸ்கூட்டருக்கு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எது முதலில் சத்துணவுக் கூடத்தைத் தொடும் வரை அதிகச் சுற்று சுற்றும் என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம்.

கட்டுப் பிரித்த பிறகு அண்ணன் பழைய 18 அங்குல ரிம்மையே மறுபடி கட்டிக்கொண்டார். வண்டியைத் தானே பள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கணக்கில் 96 என்று முன்கூட்டியே எழுதியிருந்த தாள் சுவரில் ஒட்டியபடி இருந்தது. கம்பும் நூலும் வைத்து ஐந்து முறை அளந்தார்கள். சராசரி 98. கைதட்டல் அடங்குவதற்குள் தம்பி வண்டியின் பின்பக்கம் போய் நின்று, "சார், பின்னாடி ரெண்டு பேர் உக்காந்தா பின்பக்கம் அமுங்கும்ல, அப்ப அந்தக் கோணம் திரும்ப மாறாதா?" என்றான்.

அதை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறோம்.